இரவு ஷிஃப்டில் இருக்கும் பிள்ளையிடம் கேட்க வேண்டியவை

(சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் 'சி' பிளாக் குடியிருப்பாளர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்)



நம் குடியிருப்பில் பல வீட்டுப் பிள்ளைகள் அமெரிக்காவில் இருக்கிறார்கள். சிலருடைய உறவினர்கள் அங்கே கேஸ் ஸ்டேஷன் நடத்துகிறார்கள். சில பிள்ளைகள் அங்கே வேலையும் பார்க்கிறார்கள். 2023இல் ஒஹாயோ மாநிலத்தின் கொலம்பஸ் நகரிலும், 2024இல் சிகாகோ அருகிலும் கேஸ் ஸ்டேஷனில் வேலையில் இருந்த இந்திய மாணவர்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அந்தச் செய்திகள் வந்தபோது நம் வாட்ஸ்அப் குழுவில் எல்லோரும் பதறினோம். ஃபுளோரிடாவில் இப்படிப்பட்ட கடைகளில் 11 ஆண்டுகள் மேனேஜராக இருந்து, புதியவர்களுக்குப் பயிற்சியும் கொடுத்தவன் என்பதால் செயலாளர் என்னைப் பேசச் சொன்னார்.

நம் ஊர் பெட்ரோல் பங்க் போல அங்கே ஆட்கள் வந்து பெட்ரோல் போடுவதில்லை. நியூ ஜெர்சி போன்ற இடம் தவிர, வாடிக்கையாளரே போட்டுக்கொள்வார். ஊழியர் கடைக்குள் கல்லாவில் இருப்பார். சிகரெட், பீர், காபி, லாட்டரிச் சீட்டு எல்லாம் அங்கேதான் விற்பனை. நடு இரவில் பெரும்பாலும் ஒரே ஒருவர்தான். சுற்றிலும் வேறு கடை திறந்திருக்காது. ஆபத்து அங்கேதான் இருக்கிறது.

பயிற்சியின் முதல் பாடம் ரொம்ப எளிது: கேட்டால் பணத்தைக் கொடுத்துவிடு. வாக்குவாதம் வேண்டாம், வீரம் வேண்டாம். கைகள் வெளியே தெரியட்டும். கல்லாவைத் திறக்கக் கையை நகர்த்துவதற்கு முன் "திறக்கப் போகிறேன்" என்று சொல்ல வேண்டும். பின் அறையில் இன்னொருவர் இருந்தால் அதையும் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். அவர் திடீரென்று வெளியே வந்தால் துப்பாக்கிக்காரன் மிரண்டுவிடுவான். அவன் போன பிறகு துரத்தக் கூடாது. கதவைப் பூட்டிவிட்டு 911ஐ அழைக்க வேண்டும். அவன் தொட்ட எதையும் தொடக் கூடாது.

இரண்டாவது பாடம், கொள்ளையே நடக்காமல் பார்ப்பது. 1970களில் அமெரிக்காவில் இதை ஆராய்ந்தவர்கள், திருந்திய முன்னாள் கொள்ளையர்களிடமும் யோசனை கேட்டார்கள். கல்லாவில் பணம் குறைவாக இருக்க வேண்டும், கடைக்குள் நடப்பது சாலையிலிருந்து தெரிய வேண்டும், வெளிச்சம் நன்றாக இருக்க வேண்டும் என்று முடிவானது. ஃபுளோரிடாவில் இது சட்டமாகவே இருக்கிறது. இரவு 11 முதல் காலை 5 வரை திறந்திருக்கும் கடைகளில் கேமரா, ஒலியெழுப்பாத அலாரம், பணம் போட மட்டும் முடிகிற பெட்டகம் ஆகியவை வேண்டும். கல்லாவில் 50 டாலர் அல்லது அதற்கும் குறைவாகவே இருக்கிறது என்ற அறிவிப்பை வாசலில் வைக்க வேண்டும். வெளியே ஓடுகிறவனின் உயரத்தை மதிப்பிட, வாசலில் அளவுக் கோடுகள் வேண்டும். வேலைக்குச் சேர்ந்த 60 நாட்களுக்குள் ஊழியருக்குப் பயிற்சி கொடுக்க வேண்டும். ஆனால் முதலாளியோ அவர் குடும்பத்தினரோ அந்த நேரத்தில் வேலை செய்யும் கடைக்கு இந்தச் சட்டம் பொருந்தாது. நம்மவர்கள் குடும்பமாக நடத்தும் கடைகள் பல அப்படிப்பட்டவை. சட்டம் கேட்காவிட்டாலும் அவர்கள் இதைச் செய்துகொள்வது நல்லது.

நாடு முழுவதற்கும் இப்படி ஒரு சட்டம் இல்லை. தொழிலாளர் பாதுகாப்பைக் கவனிக்கும் மத்திய அமைப்பான ஓஷா, இரவுக் கடைகளுக்காக 1998இல் வெளியிட்டது பரிந்துரைகள் மட்டுமே.

மூன்றாவது பாடம், பெட்ரோல். பம்புகளை மொத்தமாக நிறுத்தும் அவசர சுவிட்ச் எங்கே என்பதை முதல் நாளே காட்டிவிட வேண்டும். பெட்ரோல் போடும்போது தீப்பிடித்தால் வண்டியிலிருந்து நாசிலைப் பிடுங்கக் கூடாது. பிடுங்கினால் தீ பரவும். சுவிட்சை அணைத்து, ஆட்களை விலக்கி, 911ஐ அழைக்க வேண்டும்.

இவ்வளவு சொல்லிக் கொடுத்தும் சிலர் ஏன் எதிர்த்து நிற்கிறார்கள்? பல நேரம் காரணம் தைரியம் இல்லை, சம்பளம்தான். "கல்லாவில் குறைந்தால் உன் சம்பளத்தில் பிடிப்பேன்" என்று சொல்லும் முதலாளிகள் உண்டு. அதைக் கேட்ட பையன், இரண்டு பீர் டப்பாவைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறவனை வாகனம் நிறுத்துமிடம் வரை துரத்துவான். ஒரு நாள் பயிற்சியில் சொன்னதெல்லாம் அந்த ஒரு வார்த்தையில் அடிபட்டுப் போகும். அப்படிப் பிடித்து, சம்பளத்தைக் குறைந்தபட்சக் கூலிக்குக் கீழே கொண்டுபோவதை அமெரிக்க மத்தியச் சட்டம் அனுமதிப்பதில்லை. இது பிள்ளைகளுக்குத் தெரிவதில்லை.

இன்னொன்றையும் மனம் கோணாமல் கேளுங்கள். மாணவர் விசாவில் போனவர்கள் அனுமதி இல்லாமல் கல்லூரிக்கு வெளியே வேலை செய்யக் கூடாது. கணக்கில் வராமல் கையில் சம்பளம் வாங்குகிற பையனுக்குப் பயிற்சியும் கிடைக்காது. புகார் சொல்லவும் பயப்படுவான். தனியாக இரவு ஷிஃப்டில் போட வசதியான ஆள் அவன்தான். முதல் யோசனை, அந்த வேலையை விட்டுவிடச் சொல்வதே. அதே நேரம், ஓஷாவின் பாதுகாப்பு விசா நிலையைப் பார்த்து வருவதல்ல என்பதையும் அவனுக்குச் சொல்லுங்கள்.

அடுத்த முறை வீடியோ காலில் "சாப்பிட்டியாப்பா?" என்று கேட்ட பிறகு, இந்த ஐந்தையும் கேளுங்கள்:

1. ராத்திரி தனியாகவா இருக்கிறாய்?
2. கல்லாவில் எவ்வளவு பணம் வைக்கிறீர்கள்?
3. கொள்ளையன் கேட்டால் கொடுத்துவிடு என்று முதலாளி வாய்விட்டுச் சொல்லியிருக்கிறாரா?
4. பணம் குறைந்தால் சம்பளத்தில் பிடிப்பாரா?
5. பம்பை நிறுத்தும் சுவிட்ச் எங்கே?

பதில் தயங்கித் தயங்கி வந்தால் அந்தக் கடையில் பயிற்சி நடக்கவில்லை என்று அர்த்தம். அப்போது பெற்றோர் சொல்ல வேண்டியது ஒன்றுதான்: "பணம் போனால் போகட்டும், நாங்கள் பார்த்துக்கொள்கிறோம். நீ பத்திரமாக இரு." கல்விக் கடனை நினைத்து இரவெல்லாம் நிற்கிற பிள்ளைக்கு, வீட்டிலிருந்து இந்த வார்த்தை வந்துசேர வேண்டும்.