பலகையின் கீழே

விளையாட்டுப் புகையிரதம் என்றவுடன் பலருடைய மனக்கண்முன் தோன்றுவது, சாவி கொடுத்ததும் வட்டமிட்டோடும் சிறிய தகரவண்டியே. சிறுவன் முதல் வாரம் அதனோடு விளையாடுவான். இரண்டாம் வாரம் அதன் வில்லைக் கழற்றிப் பார்ப்பான். மூன்றாம் வாரம் அது அலுமாரியின் உச்சியில் ஏறிவிடும். மேல்நாடுகளிலே வளர்ந்தோர் பலர் ஆண்டுக்கணக்காக ஈடுபட்டிருக்கும் மாதிரிப் புகையிரதம் இதனின்றும் வேறானது. அகன்ற மேசையொன்றின்மீது மலையும் ஊரும் நிலையமும் அமைத்து, உண்மை வண்டியின் 87இல் ஒரு பங்கு அளவான வண்டிகளை மின்சாரத்தால் ஓட்டுகிறார்கள். பார்க்க வருவோர் குகைப்பாதையையும் பாலத்தையும் கண்டு வியப்பர். மேசையின் கீழே குனிந்து பார்ப்போர் சிலரே. ஆயினும் அரிய வேலை அமைந்திருப்பது அங்கேதான்.

இவ்வண்டிக்கு வேண்டிய மின்சாரம் தண்டவாளத்தின் வழியாகவே வருகின்றது. இரு தண்டவாளங்களும் ஒன்றோடொன்று மின்தொடர்பின்றி இருக்கும். ஒன்றில் வரும் மின்னோட்டம் சக்கரத்தில் ஏறி, மோட்டாரைச் சுழற்றி, மறுபக்கச் சக்கரத்தின் வழியே மற்றத் தண்டவாளத்தில் இறங்கித் திரும்பும். நெடுங்காலமாக வழங்கிய முறையில் இது 12 வோல்ற்று வரையிலான நேரோட்டமாகும். அழுத்தத்தைக் கூட்டினால் வேகம் கூடும்; முனைகளை மாற்றினால் வண்டி பின்னோக்கி ஓடும். ஒரு வண்டிக்கு இவ்வளவும் போதும். இரண்டாவது வண்டியைப் பாதையில் வைத்தவுடனேயே தொல்லை பிறக்கின்றது. தண்டவாளத்தில் வரும் மின்சாரம் இன்ன வண்டிக்கு என்று அறியாது. ஒன்று புறப்பட்டால் மற்றதும் புறப்படும், ஒன்றை நிறுத்தினால் மற்றதும் நின்றுவிடும்.

இதற்குக் கண்ட வழி, பாதையைத் துண்டு துண்டாகப் பிரித்தலாகும். இத்துண்டுக்கு ஆங்கிலத்தில் வழங்கும் 'புளொக்' என்னும் பெயர் உண்மைப் புகையிரதத்திடமிருந்து வந்தது. 1889ஆம் ஆண்டு யூன் மாதத்திலே அயர்லாந்தின் ஆமா நகருக்கு அருகில், உல்லாசப் பயண வண்டியொன்றின் பின்பகுதி கழன்று சரிவிலே பின்னோக்கி உருண்டு, பின்னால் வந்துகொண்டிருந்த வண்டியோடு மோதியது. மாண்டவர்களுட் சிறுவர் பலர். முன்னே சென்ற வண்டிக்குச் சில நிமிடம் பொறுத்து அடுத்ததை விடுதல் என்பதே அப்பாதையின் வழக்கமாயிருந்தது. அவ்வாண்டிலேயே பிரித்தானிய அரசு இயற்றிய சட்டம், பயணிகள் செல்லும் பாதைகளை எல்லைகளாகப் பிரித்து, ஓர் எல்லைக்குள் ஒரு வண்டியே இருத்தல் வேண்டும் என்னும் முறையைக் கட்டாயமாக்கியது. இலங்கையின் மலைநாட்டுப் பாதையிலே நிலைய அதிபர் வளையமொன்றில் வைத்துச் சாரதியிடம் கொடுக்கும் வட்டத் தகட்டைக் கண்டவர்களுக்கு இம்முறை புதிதன்று. அந்தத் தகடு கைக்கு வராமல் வண்டி அடுத்த எல்லைக்குள் நுழையலாகாது.

மாதிரிப் பாதையிலே தகட்டுக்குப் பதிலாக அமைவது ஆளி. எல்லை முடியுமிடத்தில் தண்டவாளத்தை மெல்லிய வாளால் அறுத்து, அந்த இடைவெளியிலே மின்சாரம் பாயாத பொருளொன்றை வைப்பர். ஒரு பக்கத் தண்டவாளம் முழுவதையும் பொதுக் கம்பியொன்றோடு இணைத்துவிட்டு, மறுபக்கத்தை மட்டும் அறுத்தாலே போதும். அறுத்த ஒவ்வொரு துண்டிலிருந்தும் ஒரு கம்பி இறங்கி இருவழி ஆளியொன்றை அடையும். ஆளியை ஒருபுறம் தள்ளினால் அத்துண்டு முதலாம் சாரதியின் கட்டுப்பாட்டில். மறுபுறம் தள்ளினால் இரண்டாம் சாரதியின் கட்டுப்பாட்டில். நடுவிலே விட்டால் மின்சாரமே இல்லை. இரு சாரதிகளுக்கும் தனித்தனி மின்வழங்கி இருத்தல் அவசியம். இல்லையேல் பொதுக் கம்பியின் வழியே ஒருவருடைய மின்சாரம் மற்றவருடையதோடு கலந்துவிடும்.

பாதை இரண்டாகக் கிளைக்கும் இடமோ இன்னும் சிக்கலானது. அங்கே இடப்பக்கத் தண்டவாளமும் வலப்பக்கத் தண்டவாளமும் ஒன்றையொன்று வெட்டுகின்றன. ஆங்கிலத்தில் 'தவளை' என்று பெயர்பெற்ற அந்தச் சந்தி உலோகமாயின், பாதை எப்பக்கம் திரும்புகிறதோ அதற்கேற்ப அதன் மின்முனையும் மாறவேண்டும். மாறாவிடின் இரு முனைகளும் நேரே தொட்டுக் குறுஞ்சுற்று உண்டாகும். ஆகவே பாதையை அசைக்கும் கருவியோடு சிறிய ஆளியொன்றையும் பூட்டி, பாதை திரும்பும்போதே முனையும் மாறும்படி செய்வர். அந்தக் கருவி பெரும்பாலும் இரண்டு கம்பிச்சுருள்களும் அவற்றிடையே ஓர் இரும்புத் துண்டுமேயாகும். ஒரு கணம் மின்சாரம் பாய்ந்தால் இரும்பு இழுபட்டுப் பாதை மாறும். பொத்தானை அமுக்கியவர் விரலை எடுக்க மறந்தாலோ சுருள் கருகிப்போகும். இதற்கும் மாற்று உண்டு. கொள்ளளவியொன்றில் மின்னேற்றத்தைச் சேர்த்துவைத்து, பொத்தானை அமுக்கியதும் ஒரே வீச்சில் வெளிவிடச் செய்தால், அதன்பின் விரல் அங்கேயே கிடந்தாலும் தீங்கில்லை. மனிதருடைய மறதியையும் கணக்கில் எடுத்துக்கொள்ளும் இத்தகைய அமைப்பே நல்ல அமைப்பு எனலாம்.

தன்னிடமே திரும்பிவரும் வளைவுப் பாதை புதியவர்களைத் திணறச் செய்வது. வண்டி வளைந்து வந்த வழியிலேயே திரும்பும்போது, இடத் தண்டவாளம் சென்று வலத் தண்டவாளத்தைத் தொடுகின்றது. காகிதத்தில் ஒரு கோட்டைக் கறுப்பாகவும் மற்றதைச் சிவப்பாகவும் வரைந்து பார்த்தால் கறுப்புச் சிவப்பில் முட்டுவதைக் காணலாம். இவ்விடத்தில் ஒரு தண்டவாளத்தை மட்டும் அறுத்தல் போதாது. வளைவின் இரு நுனிகளிலும் இரண்டையுமே அறுத்து, வண்டி வளைவுக்குள் இருக்கும்போது வெளிப்பாதையின் முனைகளை மாற்றவேண்டும். 1938இல் வெளிவந்த ஹோண்பி டப்ளோ வண்டிகளுக்கு இத்தொல்லை இருக்கவில்லை. அவற்றுக்கு நடுவிலே மூன்றாவது தண்டவாளம் இருந்தது. உண்மைப் பாதையைப் போல் தோற்றமளிக்க வேண்டும் என்ற விருப்பத்தால் 1959இல் அக்கம்பனியும் இரு தண்டவாள முறைக்கு மாறியது. தோற்றம் அழகாயிற்று, கம்பி வேலை கூடிற்று.

இவ்வேலையை வியக்கத்தக்க அளவுக்கு வளர்த்தவர்கள் அமெரிக்காவின் மசச்சூசெற்ஸ் தொழினுட்பக் கழகத்து மாணவர்கள். அங்கே 1946இல் தோன்றிய மாதிரிப் புகையிரதச் சங்கம், போர்க்காலத்தில் அவசரமாகக் கட்டப்பெற்ற 20ஆம் இலக்கக் கட்டடத்தில் இடம்பெற்றிருந்தது. உறுப்பினர் இயல்பாகவே இரு பிரிவாயினர். ஒரு சாரார் வண்டிக்கு வர்ணம் பூசி, மலையும் மரமும் செய்தனர். மற்றவர் சமிக்ஞை, மின்வலுக் குழுவினர். பலகையின் கீழே மல்லாந்து கிடந்தனர். தொலைபேசிக் கம்பனியிடமிருந்து கிடைத்த பழைய கருவிகள் அவர்களுக்குச் செல்வமாயின. சாரதி தொலைபேசியின் எண்வட்டைச் சுழற்றினால், அவர் வேண்டிய பாதைத் துண்டு அவர் வசமாகும். 'றிலே' எனப்படும் மின்காந்த ஆளிகள் 'சடக், சடக்' என்று ஒன்றன்பின் ஒன்றாக விழுந்து, மின்சாரத்தை ஒரு துண்டிலிருந்து அடுத்ததற்குக் கைமாற்றும் ஓசையைச் செவியாலேயே கேட்கலாம். வண்டி எதிலாவது மோதப்போகிறது என்று கண்டவர் உடனே தட்டுவதற்கென்று அறையின் பல இடங்களிலும் நிறுத்தாளிகள் இருந்தன.

இந்தத் துண்டு வெறுமையாயிருந்து, அந்தக் கிளைப்பாதை நேராகவும் இருந்தால் மட்டுமே இந்தச் சாரதிக்கு மின்சாரம் செல்லட்டும் என்று கம்பியால் எழுதியவர்கள், கணினிக்கு அதையே வேறு மொழியில் எழுதுவதற்கு ஏற்கெனவே பழகியிருந்தனர் என்பதில் வியப்பில்லை. முன்னாள் உறுப்பினரான ஜாக் டெனிஸ் அவர்களை ரி.எக்ஸ்-0 என்னும் கணினியிடம் அழைத்துச் சென்றார். 1961இல் பி.டி.பி-1 கணினி அக்கழகத்துக்கு வந்தது. அதில் 1962இல் உருவான 'விண்போர்' விளையாட்டுக்கு வேண்டிய கைப்பெட்டிகளை, அலன் கொற்றொக்கும் றொபேட் சோண்டேர்ஸும் சங்கத்தின் அறையிற் கிடந்த ஆளிகளையும் கம்பிகளையும் கொண்டே செய்தனர். கொற்றொக் பின்னாளில் பி.டி.பி-10 கணினியின் தலைமைச் சிற்பியானார். கணினிக் கள்வரைக் குறிப்பதற்கு உலகம் வழங்கிவரும் 'ஹாக்கர்' என்ற சொல்லும், கெட்டிக்காரத்தனமாக ஒரு வேலையைச் செய்து முடிப்பவன் என்னும் நல்ல பொருளிலே அந்தப் பலகையின் கீழே வழங்கிய சொல்தான். மகன் பாடத்தை விட்டுக் கம்பியோடு கிடக்கிறான் என்று முறையிடும் பெற்றோர் இந்த வரலாற்றைச் சற்றே கேட்டுவைத்தல் நன்று. பாடத்தை அடியோடு விட்டவனுக்கு இது சாட்டு ஆகாது என்பதையும் கூடவே சொல்லவேண்டும்.

20ஆம் இலக்கக் கட்டடம் 1998இல் இடிக்கப்பட்டது. சங்கம் வேறிடம் சென்றது. அதற்குள் மாதிரிப் புகையிரதத்தின் மின்முறையும் மாறிவிட்டிருந்தது. 1990களிலே பொதுத் தரமாக ஏற்றுக்கொள்ளப்பட்ட இலக்க முறையில், தண்டவாளம் முழுவதிலும் எப்போதும் மின்சாரம் இருக்கும். அதிலேயே கட்டளையும் சேர்ந்து செல்லும். ஒவ்வொரு வண்டியினுள்ளும் இருக்கும் சிறிய மின்னணுத் தகடு, தன் இலக்கத்துக்கு வந்த கட்டளையை மாத்திரம் எடுத்துக்கொள்ளும். ஒரே பாதையில் இரு வண்டிகள் எதிரெதிராகவும் ஓடலாம், மோதவும் மோதலாம்.

இனித் துண்டு பிரிக்கும் வேலை ஒழிந்தது என்று மகிழ்ந்தவர்களுக்கு ஏமாற்றமே காத்திருந்தது. திரும்பிவரும் வளைவிலே கறுப்பு இன்னும் சிவப்பில் முட்டுகின்றது. ஒரு மூலையில் வண்டியொன்று தடம்புரண்டு இரு தண்டவாளங்களையும் இணைத்துவிட்டால், பிரிவில்லாத பாதையிலே அத்தனை வண்டிகளும் ஒருங்கே நின்றுவிடும். ஆகவே பெரிய பாதை அமைப்போர் பழையபடியே தண்டவாளத்தை அறுத்து, பகுதிக்கொரு காப்புக் கருவி வைக்கிறார்கள். தடம்புரண்ட வண்டியை ஒருவர் குனிந்து தூக்கிவைக்கும் அந்த நேரத்தில், மேசையின் மறுபக்கத்து வண்டிகள் ஓடிக்கொண்டேயிருக்கும்.