வீட்டுப் புறத்தில் செராய்



சம்பாலுக்கும் மீன் அசாமுக்கும் செராய் வேண்டுமென்று சந்தைக்குப் போகிறோம். நாலைந்து தண்டுகளைக் கட்டிக் காசு வாங்கிக்கொள்கிறார்கள். அந்தக் கட்டில் இரண்டு தண்டுகளைச் சமைக்காமல் எடுத்து வைத்தால், அடுத்த ஆண்டு முதல் அந்தச் செலவே நமக்கு இல்லை.

எலுமிச்சைப் புல் என்று புத்தகத்தில் படித்தாலும், அண்டை வீட்டு மலாய்க்காரர்களிடம் கேட்டுப் பழகிய செராய்தான் நம் நாவில் நிற்கிறது. இது நம் நாட்டில் பூப்பது மிக அரிது. ஆகவே விதையைத் தேட வேண்டாம்; தண்டுதான் நாற்று. அடிக்கட்டை முழுதாக உள்ள தண்டாகப் பார்த்து வாங்க வேண்டும். அதை வெட்டி எறிந்துவிட்ட தண்டு வேர் விடாது. மேல் இலைகளை நறுக்கிவிட்டு, அடிப்பாகம் மட்டும் நனையும்படி ஒரு குவளைத் தண்ணீரில் நிறுத்தினால், ஒன்றிரண்டு வாரத்தில் வெள்ளை வேர் தெரியும். தண்ணீரை இரண்டு நாளுக்கு ஒரு முறை மாற்றுங்கள்.

பால்மரத்து நிழலிலோ செம்பனை நிழலிலோ நட்டால் தண்டு பருக்காது. நல்ல வெயில் வேண்டும். நம் ஊர் மழைக்குத் தண்ணீர் தேங்காதபடி மண்ணை மேடாக்கி, இரண்டடி இடைவெளி விட்டு நடலாம். மக்கிய கோழி எரு போதுமானது. தோட்டத்தை விட்டு அடுக்குமாடிக்கு வந்துவிட்ட குடும்பங்கள் அடியில் துளையிட்ட வாளியில் வளர்க்கலாம். ஆனால் களைக்கொல்லி வந்த காலி டின்னை மட்டும் எடுக்காதீர்கள். எத்தனை முறை கழுவினாலும் அது உணவுப் பொருளுக்கு ஆகாது. மருந்தடிக்கும் ஓரத்திலும் நடக்கூடாது; காற்றில் வரும் துளி இலையில் படியும். மருந்தடிக்கும் வேலை செய்பவர்களுக்கு இதை நாம் சொல்லவும் வேண்டுமா!

நாலைந்து மாதத்தில் வெட்டத் தொடங்கலாம். நடுக் குருத்தை விட்டுவிட்டு, விரல் பருமனான வெளித் தண்டுகளை அடியோடு முறுக்கி எடுக்க வேண்டும். இலையின் ஓரம் கையை அறுக்கும். சிறு பிள்ளைகளை அனுப்பாதீர்கள். இரண்டு மூன்று ஆண்டில் புதர் நெருங்கித் தண்டு சிறுத்துவிடும். அப்போது தோண்டிப் பிரித்து நட்டு, மிஞ்சியதை அக்கம்பக்கத்தில் கொடுக்கலாம்.

அடித்தண்டு சிவந்து, சவுக்கார வாசம் அடிப்பது செராய் வாங்கி. அது வேறு வகை. எண்ணெய் எடுப்பதற்கு உரியது, குழம்புக்கு அன்று.

செராய்ப் புதர் இருந்தால் கொசு வராது என்று பலர் நம்பி இருக்கிறார்கள். இது ஆபத்தான நம்பிக்கை. கொசுவுக்குப் பிடிக்காதது அதன் எண்ணெய். இலையைக் கசக்கினால்தான் அது வெளிவரும். சும்மா நிற்கும் புதர் எதையும் விரட்டாது. டிங்கிக் காய்ச்சலைப் பரப்பும் ஏடிஸ் கொசுவுக்கோ, தொட்டியின் அடித்தட்டில் நிற்கும் ஒரு கை தண்ணீர் போதும். ஏறக்குறைய ஒரு வாரத்தில் முட்டை கொசுவாகிவிடும். கொசுவை விரட்ட வைத்த செடியே கொசுவை வளர்த்துத் தரும் வீடுகளும் உண்டு. தட்டை எடுத்துவிடுங்கள், இல்லையேல் வாரம் ஒரு நாள், சம்பள நாளை மறவாதது போல் மறவாமல், தண்ணீரைக் கொட்டித் தேய்த்துக் கழுவிக் கவிழ்த்து வையுங்கள். வீட்டில் யாருக்கேனும் கடும் காய்ச்சல் கண்டால் செராய்த் தண்ணீர் காய்ச்சிக் கொடுத்துக் காத்திருக்க வேண்டாம். அன்றே கிளினிக்குக்கு அழைத்துச் செல்லுங்கள்.