பின்னூட்டத்துக்குத் தானியங்கிப் பதில்
(விருத்தாசலம் ஆசிரியர் கூட்டத்தில் பேசியது)



நம் ஊரில் செராமிக் கூடங்களில் வேலை முடித்து வரும் பெற்றோர் இரவில்தான் கைப்பேசியைப் பார்ப்பார்கள். பள்ளியின் முகநூல் பக்கத்தில் சேர்க்கை பற்றி அவர்கள் கேட்கும் நேரத்தில் பதில் சொல்ல ஆளிருக்காது. அங்கே தானியங்கிப் பதில் உதவும்.

அதற்குப் பொருள் தெரியாது. நாம் கொடுத்த சொல் இருக்கிறதா என்று தேடும், அவ்வளவுதான். 1966இல் ஜோசப் வைசன்பாம் வெளியிட்ட எலிசா நிரலும் சொல்லைப் பிடித்துத்தான் பேசியது. தமிழில் இன்னொரு சிக்கல்: 'விண்ணப்பம்' என்று கொடுத்தால் 'விண்ணப்பத்தை', 'விண்ணப்பத்துக்கு' இரண்டும் தப்பிவிடும். 'விண்ணப்ப' என்று கொடுங்கள். முழுச்சொல்லை மட்டும் ஒப்பிடும் கருவி என்றால் எல்லா வடிவங்களையும் சேர்க்க வேண்டும். 'அப்ளிகேஷன்' என்பதையும் சேருங்கள்; தமிழாசிரியர்கள் பொறுத்துக்கொள்ளவும்!

'விண்ணப்பம் கேட்டேன், திருப்பி அனுப்பிவிட்டார்கள்' என்று ஒரு தாய் எழுதினாலும், 'விண்ணப்பம் அலுவலகத்தில் கிடைக்கும், நன்றி' என்றே பதில் போகும். அந்தப் பிள்ளை வேறு பள்ளியில் சேரலாம். எங்கும் சேராமலும் போகலாம். அதனால் பதிலின் கடைசியில் கல்வி உதவி எண் 14417ஐயும், குழந்தைகள் உதவி எண் 1098ஐயும் போடுங்கள். தினமும் காலை வழிபாட்டுக்கு முன் பின்னூட்டங்களைப் படிக்கப்போகிறவர் யார் என்று முடிவு செய்துவிட்டு, அதன் பிறகு கருவியை இயக்குங்கள்.