மூடியில் விழுந்த கீறல்



எழுபதுகளின் முற்பகுதியில் பண்டாரவளைப் பக்கத்துத் தோட்டமொன்றில் நான் லொறிக் கிளீனராக இருந்தேன். எங்களுடையது பழைய பெட்போர்ட். ஆறு சிலிண்டர் பெற்றோல் இஞ்சின். கொழுந்து ஏற்றுவதும் அதுதான், அரிசி ஏற்றுவதும் அதுதான். லயத்தில் யாருக்கேனும் நோவு கண்டால் ஆஸ்பத்திரிக்குப் போவதும் அதில்தான்.

அந்த லொறிக்கு ஒரு வியாதி. வெயிலில் ஒழுங்காக ஓடும். அப்புத்தளைப் பக்கமிருந்து பனிமூட்டம் இறங்கினால் விக்கத் தொடங்கிவிடும். 'மிஸ் அடிக்குது' என்போம் நாங்கள். ட்றைவர் அண்ணனுக்குத் தெரிந்த வைத்தியம் ஒன்றே. டிஸ்ட்ரிபியூட்டரின் நட்டைத் தளர்த்தி டைமிங்கைச் சற்றே திருப்புவார். முன்னுக்குத் திருப்பினால் ஏற்றத்தில் இஞ்சின் கிணுகிணு என்று தட்டும். பின்னுக்குத் திருப்பினால் இழுவை குறைந்து சூடேறும். பாவம், இரண்டையும் மாறிமாறிச் செய்தார்.

ஒருநாள் விடியற்புறம், பிரசவ வேதனைப்பட்ட பெண்ணொருத்தியைத் தியத்தலாவை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனோம். பாதி ஏற்றத்தில் லொறி நின்றது. படுதாவுக்குள்ளிருந்து அவளுடைய முனகல். அண்ணன் வழக்கம்போல ஸ்பனரை எடுத்துத் திருப்பினார். செய்வதறியாத நான், பனி கோத்திருந்த டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைக் கழற்றி என் சாரத்தால் துடைத்து மாட்டினேன். இஞ்சின் பிடித்துக்கொண்டது. குழந்தை ஆஸ்பத்திரியில்தான் பிறந்தது.

"நான் திருப்பினதாலதான் ஸ்டார்ட் ஆச்சு, பாஸ்" என்று கராஜில் அண்ணன் சொன்னார். பாஸ் என்னைப் பார்த்தார். "தம்பி, நீ என்ன செஞ்ச?" சொன்னேன். அவர் தலையை மட்டும் ஆட்டினார்.

முதலில் டைமிங்கைச் சரிப்படுத்தினார். முதலாம் சிலிண்டரை அமுக்கத்தின் உச்சிக்குக் கொண்டுவந்து, குறியைப் பொருத்தி, பொயின்ற் வயருக்கும் பொடிக்கும் இடையில் ஒரு சிறு பல்பை மாட்டினார். டிஸ்ட்ரிபியூட்டரை மெல்லத் திருப்ப, பொயின்ற் திறக்கும் கணத்தில் பல்ப் எரிந்தது. அந்த இடத்திலேயே நட்டை இறுக்கினார். பிறகு இஞ்சினை ஓடவிட்டு மூடியில் நீர் தெளித்தார், உடனே விக்கல். பிளக் வயர்களை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்த்ததில், மூன்றையும் ஆறையும் எடுத்தபோது இஞ்சினின் சத்தம் மாறவேயில்லை. அவை இரண்டும்தான் வேலை செய்யவில்லை.

இஞ்சினில் மூன்றும் ஆறும் தள்ளித்தள்ளி இருப்பவை. ஆனால் அது வெடிக்கும் வரிசை 1-5-3-6-2-4. மூடியில் அவை பக்கத்துப் பக்கத்து வீட்டுக்காரர்! பாஸ் கராஜ் கதவைச் சாத்தினார். இருட்டில், அவ்விரண்டு முனைகளுக்கும் இடையே நீலநூல் போல மின்பொறி ஓடியது. மூடியினுள்ளே மயிரிழைக் கீறல். கரி படிந்து, ஈரம் பட்டதும் மின்சாரத்துக்கு அதுவே பாதையாகியிருந்தது.

புது மூடி வாங்குவதென்றால்? 1977க்கு முந்திய இறக்குமதிக் கட்டுப்பாட்டுக் காலம் அது. பிளேடால் கரியைச் சுரண்டி, துடைத்துக் காயவைத்து, மகளின் கியூடெக்ஸ் போத்தலை வாங்கிக் கீறலின்மேல் இரண்டு பூச்சுப் பூசினார் பாஸ். அசல் மணப்பெண் சிவப்பு.

அடுத்த பனிக்காலம் முழுவதும் லொறி அந்த அலங்காரத்தோடுதான் ஓடியது. அண்ணன் மட்டும் அந்த மூடியைத் திறக்கும்போதெல்லாம் முகத்தைத் திருப்பிக்கொள்வார்.