பழுதுபார்க்கும் உடல், மறைத்து வைக்கும் நாம்

(நமது அறக்கட்டளையின் மருத்துவ உதவிக் கூட்டத்தில் செயலாளர் ஆற்றிய உரை)



  

சென்ற ஆண்டு நமது அலுவலகத்துக்கு ஒரு தாய் தம் மகனோடு வந்தார். வாயைப் புடவைத் தலைப்பால் மூடியிருந்தார். கன்னத்தின் உள்பக்கம் வெள்ளையாக ஒரு திட்டு வந்து, அது புண்ணாகி எட்டு மாதம். வெற்றிலையோடு புகையிலை போடும் பழக்கம் இருபது வருஷமாக உண்டு. “ஏன் உம்மா இத்தனை நாள் சொல்லவில்லை?” என்று கேட்டோம். “மகளுக்கு நிக்காஹ் பேசியிருந்தோம். வெளியே தெரிந்தால் மாப்பிள்ளை வீட்டில் என்ன நினைப்பார்களோ என்று பயம்” என்றார். அறுவை சிகிச்சையில் தாடையின் ஒரு பகுதியை எடுக்க வேண்டியதாயிற்று. இன்று அவர் உயிரோடு இருக்கிறார், அல்ஹம்துலில்லாஹ். ஆனால் பேச்சு தெளிவாக வரவில்லை. தம் பெயரைச் சொல்லாமல் இதை எல்லோருக்கும் சொல்லுங்கள் என்று அவரே நம்மிடம் கேட்டுக்கொண்டார்.

அந்தத் தாயின் கன்னத்துக்குள் என்ன நடந்தது என்பதைப் புரிந்துகொள்ள, ஒரு விஞ்ஞானியின் ஆராய்ச்சி நமக்கு உதவும். அவர் பெயர் அஜீஸ் சன்ஜார். துருக்கியின் தென்கிழக்கில் மார்தின் மாகாணத்தில் சவூர் என்ற சிற்றூரில் 1946இல் பிறந்தவர். எட்டுப் பிள்ளைகளில் ஏழாவது பிள்ளை. தாயும் தந்தையும் பள்ளிக்கூடம் போகாதவர்கள். ஆனால் பிள்ளைகள் படித்தே ஆகவேண்டும் என்பதில் உறுதியாக இருந்தார்கள். சன்ஜார் இஸ்தான்புல்லில் மருத்துவம் படித்து 1969இல் தேறினார். சொந்த ஊர்ப் பக்கத்திலேயே சில காலம் வைத்தியம் பார்த்தார். பிறகு ஆராய்ச்சி செய்ய அமெரிக்கா போனார்.

அவர் எடுத்துக்கொண்ட கேள்வி இதுதான்: உயிரணுவுக்குள் இருக்கும் டி.என்.ஏ. பழுதானால் அதை யார் சரிசெய்கிறார்கள்?

தாயின் கருவறையில் நாம் எல்லோரும் ஒரே ஓர் உயிரணுவாகத்தான் தொடங்கினோம். அது இரண்டாகி, நான்காகி, இன்று ஒரு மனித உடலில் சுமார் 30 லட்சம் கோடி உயிரணுக்கள். ஒவ்வொரு முறை பிரியும்போதும் டி.என்.ஏ. என்ற எழுத்துச் சுருள் முழுவதும் நகல் எடுக்கப்படுகிறது. எப்போது வளர வேண்டும், எப்போது நிற்க வேண்டும் என்ற கட்டளையெல்லாம் அந்தச் சுருளில்தான் இருக்கிறது. வெயில், புகை, உடலுக்குள் நடக்கும் சாதாரண வேதிவினை இவற்றாலேயே ஒவ்வோர் உயிரணுவிலும் அன்றாடம் ஆயிரக்கணக்கான சேதங்கள் ஏற்படுகின்றன. “வளர்வதை நிறுத்து” என்ற கட்டளை அழிந்துபோன உயிரணு, நிற்காமல் பெருகத் தொடங்கும். இப்படிப்பட்ட பிழைகள் பல சேரும்போது அது புற்றுநோய் ஆகிறது.

அப்படியானால் நாம் எல்லோரும் சிறு வயதிலேயே நோயாளி ஆகியிருக்க வேண்டுமே? ஆகவில்லை. பழுது நடக்கும் அதே வேகத்தில் பழுதுபார்ப்பும் நடக்கிறது. தராவீஹில் இமாம் ஓர் ஆயத்தில் தடுமாறினால், பின்னால் நிற்கும் ஹாபிழ் உடனே எடுத்துக் கொடுக்கிறார் அல்லவா? அதைப் போல உயிரணுவுக்குள் சில புரதங்கள் காவல் நிற்கின்றன.

சூரியனின் புற ஊதாக் கதிர் டி.என்.ஏ.வைச் சிதைத்தால் அது எப்படிச் சரியாகிறது என்று சன்ஜார் பாக்டீரியாவில் ஆராய்ந்தார். டல்லஸ் நகரில் படிக்கும்போதே, நீல ஒளியின் உதவியால் இந்தச் சேதத்தைச் சரிசெய்யும் ஒரு புரதத்தின் மரபணுவை 1976இல் தனியே பிரித்துப் பெருக்கிக் காட்டினார். ஆனாலும் அடுத்த கட்ட ஆராய்ச்சிப் பணிக்கு மூன்று இடங்களில் விண்ணப்பித்து, மூன்றிலும் நிராகரிக்கப்பட்டார். மருத்துவப் பட்டமும் முனைவர் பட்டமும் பெற்ற அவர், யேல் பல்கலைக்கழகத்தில் சாதாரண ஆய்வக உதவியாளர் வேலையில் சேர்ந்தார். பெயரைவிட வேலைதான் அவருக்குப் பெரிதாக இருந்தது.

அந்த யேல் வேலையின் பலன் 1983இல் வெளிவந்தது. மூன்று புரதங்கள் சேர்ந்து சேதத்தைத் தேடிக் கண்டுபிடிக்கின்றன. அதற்கு இரண்டு பக்கமும் வெட்டி, பழுதான துண்டை எடுத்து விடுகின்றன. நல்ல தையல்காரர் கிழிந்த இடத்தைச் சுற்றி வெட்டிவிட்டு ஒட்டுப் போடுவதைப் போல, எதிர்ப்பக்க இழையை அளவாக வைத்து அந்த இடம் புதிதாக நெய்யப்படுகிறது. பாக்டீரியாவில் வெட்டப்படும் துண்டு 12 அல்லது 13 எழுத்து நீளம். மனிதனில் சுமார் 30 எழுத்து என்பதையும் அவர் பின்னர் வட கரோலினா பல்கலைக்கழகத்தில் காட்டினார். இந்தப் பழுதுபார்ப்பு இல்லாமல் பிறக்கும் குழந்தைகளும் உண்டு. வெயில் பட்டால் தோல் கருகி, சின்ன வயதிலேயே தோல் புற்றுநோய் வந்துவிடும். அந்தக் குழந்தைகளைப் பார்த்தால்தான், நாம் கேட்காமலேயே நமக்குக் கிடைத்திருக்கும் நிஃமத் எவ்வளவு பெரியது என்பது விளங்கும்.

2015இல் வேதியியலுக்கான நோபல் பரிசு அஜீஸ் சன்ஜாருக்கும், ஸ்வீடனைச் சேர்ந்த தாமஸ் லிண்டாலுக்கும், அமெரிக்கரான பால் மோட்ரிச்சுக்கும் சேர்த்து வழங்கப்பட்டது. மூவரும் மூன்று வகைப் பழுதுபார்ப்பைக் கண்டறிந்தவர்கள்.

பரிசுக்குப் பிறகும் அவர் ஓயவில்லை. சிகரெட் புகையில் உள்ள பென்சோபைரீன் என்ற நஞ்சு டி.என்.ஏ.வில் ஒட்டிக்கொண்டால், மரபணுத் தொகுதியில் எங்கெங்கே அது சரிசெய்யப்படுகிறது என்று அவருடைய குழு வரைபடமே போட்டு 2017இல் வெளியிட்டது. நமது தாய்மார் வாயில் அடக்கி வைக்கும் புகையிலையிலும், வாலிபர்கள் போடும் குட்காவிலும் டி.என்.ஏ.வைத் தாக்கும் நஞ்சுகள் உள்ளன. உடல் ஒட்டுப் போட்டுக்கொண்டே இருக்கிறது. நாமோ அதே இடத்தைத் தினமும் கிழித்துக்கொண்டே இருக்கிறோம். ஒருநாள் ஒரு கிழிசல் தப்பிவிடுகிறது.

சகோதரர்களே! உடல் நம்மிடம் தரப்பட்ட அமானிதம். நோய் கத்ரின்படி வருகிறது என்பது நம் ஈமான். அதற்காக மருத்துவம் செய்யாமல் இருக்கச் சொன்னவர்கள் அல்லர் நம் நபி (ஸல்) அவர்கள். மருத்துவம் செய்துகொள்ளும்படி ஏவியவர்கள். கேன்சர் வந்தவரை இது தண்டனை என்றும், ஒட்டிக்கொள்ளும் என்றும் பேசுகிறோமே, அது எவ்வளவு பெரிய அநியாயம்! ஒழுக்கமாக வாழ்பவருக்கும், புகையிலையைத் தொட்டே பார்க்காதவருக்கும் கூட இந்த நோய் வரலாம். தொடுவதால் பரவாது. ஒரு வீட்டில் நோய் இருப்பதைச் சொல்லி நிக்காஹைக் கலைப்பவர்கள், அடுத்த வீட்டுத் தாயை வாயை மூடிக்கொண்டிருக்க வைக்கிறார்கள்.

ஆகவே நாங்கள் கேட்பது மூன்றே மூன்று. மூன்று வாரமாகியும் ஆறாத வாய்ப்புண், வாயில் வெள்ளை அல்லது சிவப்புத் திட்டு, வாய் திறக்கச் சிரமம், மார்பில் கட்டி, மாதவிலக்கு நின்ற பின் உதிரப்போக்கு, விடாத தொண்டைக் கரகரப்பு இவற்றில் எது இருந்தாலும் உடனே மருத்துவரிடம் காட்டுங்கள். பலருக்கும் அது வேறு சிறிய காரணமாகவே இருக்கும். இரண்டாவது, புகையிலையை இன்றே விடுங்கள். விட்ட பிறகு ஆபத்து குறைகிறது. எந்த வயதிலும் தாமதமில்லை. மூன்றாவது, செலவை நினைத்துத் தயங்காதீர்கள். அரசு மருத்துவமனை இருக்கிறது, முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் புற்றுநோய் சிகிச்சையும் அடங்கும். விண்ணப்பம் எழுதவும், உடன் வரவும் அறக்கட்டளையில் ஆள் இருக்கிறார்கள். பெண்களிடம் பெண்களே பேசுவார்கள். யார் வந்தார், எதற்கு வந்தார் என்பது அலுவலகச் சுவரைத் தாண்டாது.

நம் மஹல்லாவில் இன்னொரு தாய் எட்டு மாதம் வாயை மூடிக்கொண்டு இருக்கக் கூடாது. நோயுற்றிருக்கும் அனைவருக்கும் அல்லாஹ் பூரண ஷிஃபாவைத் தருவானாக. அவர்களைப் பராமரிக்கும் குடும்பத்தாருக்குப் பொறுமையையும், சிகிச்சை செய்யும் மருத்துவர்களுக்கும் ஆராய்ச்சி செய்பவர்களுக்கும் நற்கூலியையும் வழங்குவானாக. ஆமீன்.

வஸ்ஸலாமு அலைக்கும் வரஹ்மதுல்லாஹி வபரகாத்துஹு.