சமய உரிமையும் நோய்த் தடுப்பும்
(சங்கக் கூட்டமொன்றில் ஆற்றிய உரை)



கொள்ளைநோய்க் காலத்திலே தனிமனிதனுடைய உரிமையும் சமய உரிமையும் எவ்வளவு தூரம் கட்டுப்படலாம் என்பதே இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள். நூல்களிலே படித்த இக்கேள்வியை, 2020 ஆம் ஆண்டு பரவிய கொவிட் நோய் நம் வீட்டுப் படலைக்கே கொண்டுவந்துவிட்டது.

முதலிலே சட்டத்தைப் பார்ப்போம். 1978 ஆம் ஆண்டின் நமது அரசியலமைப்பு, சிந்தனை, மனச்சாட்சி, மதம் என்பவற்றின் சுதந்திரத்தை 10 ஆம் உறுப்புரையில் எல்லார்க்கும் வழங்குகின்றது. வழிபாட்டினாலும் அனுட்டானத்தினாலும் மதத்தை வெளிப்படுத்தும் சுதந்திரத்தை 14 ஆம் உறுப்புரை கூறுகின்றது. முன்னையதற்கு வரம்பு இல்லை. பின்னையதைப் பொதுச் சுகாதாரத்தின் பொருட்டுச் சட்டத்தினால் மட்டுப்படுத்தலாம் என்கின்றது 15 ஆம் உறுப்புரை. மனத்துள் இருக்கும் நம்பிக்கையை யாரும் தடுக்க இயலாது; அது பலர் கூடும் வீதிக்கு வரும்போது அயலவனுடைய உயிரையும் எண்ணவேண்டும். இது நியாயந்தானே?

2020 மார்ச்சில் அரியாலையிலே ஒரு கிறிஸ்தவ ஆராதனை நடைபெற்றது. அதை நடத்திய போதகருக்குத் தொற்று இருந்தமை பின்னரே தெரியவந்தது. அவரோடு நெருங்கிப் பழகியவர்களுக்கும் அது தொற்றியது. அறியாமல் நேர்ந்த இதற்காக எவரையும் பழித்தல் முறையன்று. சனக்கூட்டத்திலே மூச்சுக்காற்றின் வழியே பரவும் நோய், கூடியவர்கள் எந்த மதத்தவர் என்று கேட்பதில்லை என்பதையே நாம் அறிய வேண்டும். அதனாலேதான் அவ்வாண்டின் நல்லூர்த் திருவிழாவும் கட்டுப்பாடுகளோடு நடந்தது. ஆண்டுதோறும் தேருக்குப் போகும் அடியவர் பலர் வீட்டிலிருந்தே கும்பிட்டனர். அது துயரந்தான், எனினும் அநீதியன்று. முருகன் அடுத்த ஆண்டும் அங்கே இருப்பான். வீட்டிலுள்ள முதியோரை நோய்க்குக் கொடுத்துவிட்டால் மீட்க வழியில்லை.

ஆனால், நோயின் பெயரால் இடப்பட்ட எல்லாத் தடைகளும் இத்தகையனவோ? அல்ல. 2020 ஏப்ரலிலே, கொவிட்டினால் இறந்தவர் அனைவரையும் தகனம் செய்யவேண்டும் என்று அரசு வர்த்தமானியில் விதித்தது. அடக்கம் செய்வதை மதக் கடமையாகக் கொண்ட முஸ்லிம்கள் பதைபதைத்தனர். அடக்கமும் செய்யலாம், தகனமும் செய்யலாம் என்று உலக சுகாதார தாபனம் மார்ச் மாதத்திலேயே கூறியிருந்தது. இவ்விதியை எதிர்த்த மனுக்களை உயர் நீதிமன்றம் டிசம்பர் 1 ஆம் திகதி, காரணங் கூறாமலே தள்ளிவிட்டது. அம்மாதத்தில், பிறந்து 20 நாளே ஆன ஒரு முஸ்லிம் குழந்தையின் உடல், பெற்றோர் சம்மதமின்றி எரிக்கப்பட்டது. பல மதத்தவரும் பொரளை மயானத்து வேலியிலே வெள்ளைத் துணி கட்டித் தம் துக்கத்தைத் தெரிவித்தனர். 2021 பெப்ரவரி இறுதியிலேதான் அடக்கத்துக்கு அனுமதி கிடைத்தது. மார்ச்சில் ஓட்டமாவடியில் அடக்கங்கள் தொடங்கின. இதற்காக மன்னிப்புக் கேட்க 2024 யூலையில் அமைச்சரவை தீர்மானித்தது. எரித்த உடலை மன்னிப்பு மீட்டுத் தருமோ?

இவ்விரு தடைகளையும் பிரித்தறிய மூன்று கேள்விகள் போதும். தடைக்கு வைத்திய ஆதாரம் உண்டா? இதைவிடக் குறைந்த கட்டுப்பாட்டினால் அப்பயனைப் பெற முடியாதா? அதன் பாரம் ஒரு சாராரின் தலையில் மட்டும் விழுகின்றதா? நல்லூர்க் கட்டுப்பாடு இம்மூன்றுக்கும் விடை சொல்லும். தகன விதியோ ஒன்றுக்கேனும் விடை சொல்லாது.

அன்பர்களே, இங்கே நமக்கொரு கடமை உண்டு. தகனம் நம்மவர் பெரும்பாலார் வழக்கம். ஆதலின் அவ்விதி நம் வழக்கத்தைத் தொடவில்லை. நம்மிற் பலர் பேசவுமில்லை. துறவியரையும் பச்சிளங் குழந்தைகளையும் மண்ணிலே வைப்பது நம்மவர் வழக்கமும் அன்றோ? அந்த 20 நாட் குழந்தை நம் வீட்டிற் பிறந்திருந்தால் நாமும் மண்ணையே நாடியிருப்போம். தனக்கு நோகாத தடையை நியாயமென்பது எளிது. பிறனுக்கு நோகும்போது அதன் நியாயத்தை விசாரிப்பதே அறம்.

இனியொரு கொள்ளைநோய் வருமாயின், நம் திருவிழாவைச் சுருக்கவேண்டுமென்று வைத்தியர் சொன்னால் முன்வந்து சுருக்குவோம். அயலவனுடைய மையத்தை ஆதாரமின்றி அவமதிக்க வந்தால், அவனுக்கு முன்னே நாம் எழுந்து நின்று கேட்போம். உரிமையையும் உயிரையும் ஒருங்கே காக்கும் வழி அதுவே.