பெரட்டுக்கு வராதவர்கள்

(தோட்டக் கிளைக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



சட்டம், சிறைச்சாலை என்றால் நமக்கென்ன என்று இருந்துவிடுகிறோம். பிள்ளையைப் பிடித்துக்கொண்டு போனபிறகுதான் ஓடுகிறோம்.

1960ஆம் ஆண்டின் உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டம் 2012இல் நீக்கப்பட்டது. அதன் இடத்தில் சொஸ்மா வந்தது. அதன் 4(5)ஆம் உட்பிரிவுப்படி, போலீஸ் சூப்பரிண்டெண்ட் அல்லது அவருக்கு மேற்பட்ட அதிகாரி, மாஜிஸ்திரேட்டைக் கேளாமலே ஒருவரை 28 நாள் வரை விசாரணைக்காக அடைத்து வைக்கலாம்.

ஆனால் இந்த உட்பிரிவுக்கு ஒரு கடிவாளமும் உண்டு. 5 ஆண்டுக்கு ஒருமுறை பாராளுமன்றத்தின் இரு சபைகளும் நீட்டித்தால்தான் அதற்கு உயிர்.

2022 மார்ச் 23இல் அரசாங்கம் நீட்டிப்புக் கேட்டது. மக்கள் சபையில் ஆதரவு 84, எதிர்ப்பு 86. இரண்டே வாக்கில் தீர்மானம் தோற்றது! அன்று வாக்களிக்க வராதவர்கள் சுமார் 50 பேர். ஜூலையில் மறுபடி கொண்டுவந்தார்கள், நிறைவேறிவிட்டது.

தோழர்களே, செக்ரோல் எழுதிப் பழகிய கை நமது. காலைப் பெரட்டுக்கு வராதவனுக்கு அன்று பேரும் இல்லை, சம்பளமும் இல்லை. நம் வாக்கை வாங்கிப் போனவருக்கு மட்டும் அந்தக் கணக்கு வேண்டாமா?

குற்றவாளியை விட்டுவிடுங்கள் என்று நாம் கேட்கவில்லை. பிடித்தவரை நீதிபதி முன் நிறுத்துங்கள் என்றே கேட்கிறோம்.

2022இல் கொடுத்த தவணை 2027 ஜூலை வரைதான். அதற்குள் நம் தொகுதி உறுப்பினரைக் கிளைதோறும் கேட்போம்: "அன்று சபையில் இருந்தீர்களா? எந்தப் பக்கம் நின்றீர்கள்?" வரும் பதிலைக் குறித்து வைப்போம்.